மூணுக்கு நாலு

கும்மிடிப்பூண்டி
8-2-2009

ஹனீப் தம்பிக்கு சடையப்பன் எழுதுவது.

இதை நானே எழுதுகிறேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நீ நம்பமாட்டாய். எங்கள் மாடி அறையில் நீ குடியிருந்த இரண்டு வருஷமும் எனக்கு வந்த தபாலை எல்லாம் நீதானே படித்துச் சொல்வாய்! போன ஆடி மாதத்திலிருந்து ரேஷன் கடைக்குப் பக்கத்தில் உள்ள வளர்கல்வி மையத்துக்குப் போகிறேன். அறுபத்தேழு வயதில் பலப்பம் பிடித்தேன். ஹ என்ற எழுத்தைக் கடைசியில்தான் சொல்லித் தருவேன் என்றார் டீச்சரம்மா. "நான் கடுதாசி எழுதறதுக்கு இருக்கிற ஒரே ஆளு பேரு அதுலதாம்மா ஆரம்பிக்குது" என்றேன். சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஜானகிக்காக ஜ எழுத்தையும் அப்படித்தான் முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன். அது எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்து. ஒரு ஆள் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது.

இதை எழுத மூன்று நாள் ஆனது. என் முதல் கடிதம் சந்தோஷமான கடிதமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படி இல்லை, தம்பி.

ஜானகியைக் காணவில்லை. தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனோம். கூட்டத்தில் விட்டுவிட்டேன். இன்றோடு பதின்மூன்று நாள். நீ பெங்களூர் போன பிறகு அவளுக்கு மறதி வந்தது உனக்குத் தெரியாது. முதலில் உப்பை மறந்தாள். அப்புறம் தெருவை மறந்தாள். போன வருஷம் என் பெயரை மறந்தாள். போலீசில் சொல்லிவிட்டேன். "வயசானவங்க, எங்கனா சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிருப்பாங்க பெரியவரே" என்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவாள்?

காணாமல் போனவர்கள் படத்தை நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் போடுவதாக ஒரு முறை சொன்னாய். அதில் இவளையும் போடு. இருக்கும் ஒரே போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். கூட்டாளி பச்சையப்பன் மகள் கல்யாணத்தில் எடுத்தது. கீழ் வரிசையில் இடது பக்கம் மூன்றாவது ஆள்.

போன் பண்ணாதே. ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் நின்ற காது இது. பச்சையப்பன் போனில் நீ பேசினால் அவன் என் காதில் கத்திச் சொல்லவேண்டும். தெருவே கேட்கும். எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

சடையப்பன்


பெங்களூர்
14-2-2009

அன்புள்ள நைனா,

கவரின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துப் பிரித்தேன். படித்து முடித்ததும் எந்தப் பக்கம் அழுவது என்று தெரியவில்லை. உங்களிடமிருந்து ஒரு கடிதம் வருவதற்கு இப்படி ஒரு காரணமா அமையவேண்டும்?

அம்மாவின் படத்தை அன்றே போட்டுவிட்டேன். பெயர், வயது, ஊர், காணாமல் போன நாள், இடம் எல்லாம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் ஆபீஸ் முடிந்த பிறகு இந்த வேலையைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் உள்ள முதியோர் இல்லங்கள், ஆதரவற்றோர் விடுதிகள் இதைத் திறந்து பார்க்கின்றன. ஒரு வருஷத்தில் பதினொரு பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். சிறிய எண்ணிக்கைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு குறை. நீங்கள் அனுப்பியது சதுரமான போட்டோ, அதில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். அம்மாவின் முகம் ஒரு மிளகு அளவுதான் தெரிகிறது. முகம் மட்டும் தெரியும் படம் ஒன்று கிடைக்குமா? ரேஷன் கார்டுக்கோ, மனுவுக்கோ எப்போதாவது எடுத்திருப்பீர்களே. ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள்.

பழவேற்காட்டில் உம்மாவிடம் சொன்னேன். தொழுகையில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னது. மாதம் இரண்டு தடவை அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்ததை உம்மா இன்னும் மறக்கவில்லை. "எங்க ஊரு கருவாட்ட எங்க புள்ளைக்கே ஆக்கிப் போட்ட புண்ணியவதி" என்று சொல்லும்.

உங்கள் ஹனீப்


கும்மிடிப்பூண்டி
22-2-2009

ஹனீப் தம்பிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மிளகு என்ற சொல் வந்ததும் நின்று சிரித்தேன். சிரித்துவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

போட்டோ கிடைத்துவிட்டது! நீ சொன்னது சரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதியோர் உதவித்தொகை மனுவுக்காக அவளைக் கூட்டிப்போய் எடுத்தோம். எனக்கு மறந்தே போனது. வீட்டில் மறதிக்காரி அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ஸ்டூடியோ சின்னதுரை தன் பெட்டியில் தேடினான். "பெர்சு, ஆயா தலைய நேரா வைக்கவே இல்ல, நாலு வாட்டி எடுத்தேன், அதான் ஞாபகம் இருக்குது" என்றான். காசு வாங்கவில்லை. மூணுக்கு நாலு அளவில் பெரிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நீண்ட முகம், ஒட்டிய கன்னம், காதில் ஒற்றைக்கல் தோடு. அவளேதான். நீ பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வாய்.

நான் தினமும் தேடிப் போகிறேன். திருவள்ளூரில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்குகிறேன். முன்பெல்லாம் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு இறங்குவேன். இப்போது போர்டைப் படித்து இறங்குகிறேன். போன வாரம் வேப்பம்பட்டு. வே, ப், ப, ம், ப, ட், டு. ரயில் நிற்பதற்குள் முழுக்கப் படித்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது பார், அதை யாரிடம் சொல்வது? பெண்டாட்டியைத் தேடிப் போன இடத்தில் ஊர்ப் பெயரைப் படித்துச் சந்தோஷப்படுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேப்பம்பட்டில் அவள் இல்லை.

சடையப்பன்


பெங்களூர்
2-3-2009

அன்புள்ள நைனா,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆபீஸில் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுக்கும் வாரம். இரண்டு நாளாக இங்கேயே தூங்குகிறேன்.

புதிய படம் வந்த அன்றே பழைய படத்தின் இடத்தில் அதை வைத்துவிட்டேன். அம்மா முகம் இப்போது பெரிதாகத் தெரிகிறது. நான் பார்த்து நாலு வருஷம் ஆகிறது அல்லவா? உடம்பு தேறியிருக்கிறார்கள். கன்னம் எல்லாம் நிறைந்து பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

நீங்களும் போய்ப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் உள்ள தேசப்பன் பிரவுசிங் சென்டருக்குப் போங்கள், எங்கள் இணையப் பக்கத்தின் முகவரியைத் தனிச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் திறந்து கொடுப்பார். பத்துப் பதினைந்து பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஸ்டேஷன்களில் ஒட்டுங்கள்.

உங்கள் ஹனீப்


கும்மிடிப்பூண்டி
9-3-2009

ஹனீப் தம்பிக்கு,

போய்ப் பார்த்தேன். தேசப்பன் என்னை நாற்காலியில் உட்காரவைத்தான். நீ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத் தட்டினான். முதலில் பெயர் வந்தது. படம் அப்புறம்தான் வந்தது. அந்தப் பெயரை நான் சத்தமாகப் படித்தேன். ஜானகியம்மாள். கும்மிடிப்பூண்டி. வயது அறுபத்து மூன்று. பக்கத்துப் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் பெண்டாட்டி பெயரை அச்சில் முதல் முதலாகப் பார்க்கிறேன், அதை நானே படிக்கிறேன். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். "பெரியவரே, கைய வைக்காதீங்க, ரேகை படும்" என்றான்.

கம்ப்யூட்டரில் எல்லோரும் கொஞ்சம் ஊதித்தான் தெரிவார்கள் போல. அதன் வாகு அப்படி என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு பிரிண்ட் எடுத்தேன். பொன்னேரி, மீஞ்சூர், திருவள்ளூர், மணவாள நகர் என்று ஒட்டி வருகிறேன். பசை நானே காய்ச்சினேன்.

உன் வேலை முடிந்ததும் எழுது.

சடையப்பன்


கும்மிடிப்பூண்டி
27-3-2009

ஹனீப்புக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதுகிறேன்.

நேற்று பச்சையப்பன் பொன்னேரிக்குப் போய்விட்டு வந்தான். என்னோடு மில்லில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். அவன் மகள் கல்யாணத்தில் ஜானகிதான் பந்தி பார்த்தாள். வந்தவன் என்னிடம், "இன்னா சடையா, ஸ்டேஷன்ல ஜானகி பேரு போட்டு வேற ஒரு பொம்பள படம் ஒட்டிக்கிதே, யாரு அது? ஜானகி தங்கச்சியா?" என்று கேட்டான்.

வீட்டில் மிச்சம் இருந்த பிரிண்டை எடுத்தேன். சின்னதுரை கொடுத்த போட்டோவின் இன்னொரு காப்பி என்னிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். போட்டோ மூன்று அங்குல அகலம், நாலு அங்குல உயரம். பிரிண்ட் நாலு அங்குல அகலம், நாலு அங்குல உயரம். மூன்று முறை அளந்தேன். எனக்கு எழுத்துதான் புதிது. அளவு புதிது இல்லை.

மில்லில் கட்டி வைத்த இரும்புக் கம்பிக் கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சீட்டுத் தொங்கும். இத்தனை மில்லிமீட்டர் என்று அதில் அடித்திருக்கும். கட்டை மாற்றிவிட்டுப் பழைய சீட்டை அப்படியே தொங்கவிட்டால் லாரி பாதி வழியில் திரும்பி வரும். எட்டு எம்எம் கம்பிக்குப் பத்து எம்எம் சீட்டு. ஒரு முறை அப்படி நடந்து, சீட்டு மாட்டியவனை நாலு நாள் வெளியே நிறுத்தினார்கள். நீ இங்கே இன்னா பண்ணி வச்சிக்கிறே?

உடம்பு தேறியிருக்கிறாள் என்று எழுதினாய். கன்னம் நிறைந்திருக்கிறது என்று எழுதினாய். இரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நீ. அவள் முகம் நீளமா, அகலமா என்று உனக்குத் தெரியாதா?

எத்தனை பேர் அவளைத் தெருவில் பார்த்துவிட்டு, இந்தப் படத்தையும் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் என்று போயிருப்பார்களோ. ஒட்டியதை எல்லாம் கிழிக்கப் போகிறேன்.

சடையப்பன்


பெங்களூர்
4-4-2009

நைனா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அளந்தது சரி. சீட்டு என்று சொன்னீர்களே, அதுவும் அப்படியே சரி. எங்கள் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு உண்டு. பெயர், ஊரோடு அந்தப் படத்தின் அகலமும் உயரமும் அதில் எழுதப்பட்டிருக்கும். எதற்கு என்றால், படம் வந்து சேர நேரமாகும், அதற்குள் அதற்கான இடத்தைப் பக்கத்தில் ஒதுக்கிவைக்க. அன்று நீங்கள் பெயரை முதலில் பார்த்து, படத்தை அப்புறம் பார்த்தது அதனால்தான். நாங்கள் வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க், அதாவது அந்தப் பக்கத்தை நடத்தும் மென்பொருள், இந்த அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். படத்தை அதற்குரிய வழியில் கொடுத்தால், வாங்கும்போதே அளந்து எழுதிவிடும். யாரும் கை வைக்கவேண்டாம்.

நான் அந்த வழியில் கொடுக்கவில்லை. அன்று அவசரம். படங்கள் கிடக்கும் இடத்துக்கே நேராகப் போய், பழைய கல்யாணப் படத்தின் மேலேயே புதிய படத்தை அதே பெயரில் வைத்துவிட்டேன். படம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அது மறுபடி அளக்கவில்லை. சதுரப் படத்தின் அளவு அப்படியே நின்றது. அம்மாவின் நீள முகத்தை அந்தச் சதுரத்துக்குள் இழுத்து நிரப்பிவிட்டது.

நேற்று எல்லாப் பதிவையும் ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டேன். இன்னும் பதினேழு பேர் இப்படி இருக்கிறார்கள். சிலர் அகன்று போயிருக்கிறார்கள், சிலர் ஒடுங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் ஒன்றரை வருஷமாக அப்படி இருக்கிறார். அவர் வீட்டில் ஸ்கேல் வைத்து அளக்க யாரும் இல்லை. பதினெட்டையும் படத்திலிருந்து மறுபடி அளந்து எழுதிவிட்டேன். இனிமேல் தினமும் காலையில் எல்லாப் படத்தையும் அதுவே அளந்து, பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சொல்லும்படி செய்திருக்கிறேன். அம்மா இப்போது மூணுக்கு நாலு. நீண்ட முகம், ஒட்டிய கன்னம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வயசுப் பையன், வேற்று வீடு, தலையைக் குனிந்துகொண்டுதான் தட்டை வாங்குவேன். அம்மாவின் கை எனக்குத் தெரியும். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரியும். "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோப்பா" என்ற குரல் தெரியும். முகம் நீளமா, அகலமா என்று கேட்டால், நைனா, எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து உடம்பு தேறியிருக்கிறார்கள் என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

முப்பத்து நாலு நாள் அது அப்படி இருந்தது.

ஹனீப்


கும்மிடிப்பூண்டி
11-4-2009

ஹனீப் தம்பிக்கு,

நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். பாதி புரிந்தது. படம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை என்ற இடம் நன்றாகப் புரிந்தது.

உன்னை ரொம்பப் பேசிவிட்டேன். இப்போது நான் சொல்கிறேன், கேள். அன்று தேசப்பன் கடையில் நானும் பார்த்தேன். பார்த்த உடனே இது அவள் இல்லை என்று மனசு சொன்னது. நாற்பத்து நாலு வருஷம் பார்த்த முகம். ஆனால் கேட்கவில்லை. புதிதாக எழுத்துப் படித்தவன், இந்தப் பெட்டியைப் படிக்கத் தெரியவில்லை என்று தேசப்பன் சிரிப்பான் என்று பயந்தேன். பெயர் சரியாக இருந்தது. எழுத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லாதது. டீச்சரம்மாவிடம்கூட.

கூட்டத்தில் விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். கூட்டம் பிடுங்கவில்லை. குளத்துப் படிக்கட்டுப் பக்கத்தில் சுவரில் ஒரு பெரிய போர்டு இருந்தது. பக்தர்கள் கவனத்துக்கு என்று ஆரம்பித்து ஒன்பது வரி. அவ்வளவு நீளமாக நான் அதுவரை எதையும் படித்ததில்லை. அவள் கையைப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் வைத்துப் படிக்கவேண்டும் எனக்கு. ஒரு கையில் வெல்லப் பை. அதனால் அவள் கையை விட்டேன். "தோ பார் ஜானகி, நான் படிக்கிறேன் பார்" என்றேன். பாதியில் அவள் நகர்ந்தது தோளில் தெரிந்தது. இன்னும் இரண்டு வரிதானே என்று கடைசி வரியையும் படித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். அதுதான் கடைசி வரி.

மையத்துக்குப் போவதை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். முடியவில்லை. தெருவில் போனால் கண் அதுவாகப் படிக்கிறது. டீக்கடையில், லாரிப் பின்னால், மருந்துச் சீட்டில். படிக்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது. இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய பிரிண்ட் பன்னிரண்டு ஒட்டிவிட்டேன். ஒவ்வொன்றையும் அளந்துவிட்டு ஒட்டினேன்.

சடையப்பன்


பெங்களூர்
19-4-2009

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். பதில் எழுதுவதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பச்சையப்பன் அண்ணனுக்குப் போன் பண்ணி, தெருவே கேட்கும்படி ஆசை காட்டிவிட்டு, அப்புறம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாயுடுபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. அங்கே மேரி என்று ஒரு சிஸ்டர். அவர் எங்களுக்கு எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"ஜானகியம்மாள் என்ற பெயரில் நீங்கள் முன்பு வைத்திருந்த படம், எங்களிடம் இரண்டு மாதமாக இருக்கும் அம்மாவைப் போலவே இருந்தது. உங்களுக்கு எழுதவேண்டும் என்றிருந்தேன். நடுவில் எனக்கு உடம்பு சரியில்லை. நேற்றுத் திறந்து பார்த்தால் வேறொரு மெலிந்த பெண்ணின் படத்தை வைத்திருக்கிறீர்கள். முன்பு இருந்த பருமனான அம்மாவின் வீட்டாரை எப்படித் தொடர்புகொள்வது?"

பருமனான அம்மா என்று ஒருவர் கிடையாது, நைனா. அது என் தவறு மட்டும்தான். அதைப் போலவே இருக்கிறார் என்றால், இவர் அம்மாவாக இருக்க வாய்ப்பு குறைவு. நடந்ததை அவருக்கு விளக்கி, அந்த அம்மாவின் படம் ஒன்று கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்த அம்மா சூலூர்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். தமிழ்தான் பேசுகிறாராம். பெயர் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் மட்டும் எழுந்துபோய் அடுப்படியில் நின்று ஒரே வார்த்தையைச் சொல்கிறாராம். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டிருக்கிறார்: "சங்கு ஊதிட்சி."

ஆலைச் சங்கு எல்லா ஊரிலும் ஊதும். தயவுசெய்து நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். மே ஒன்பதாம் தேதி எனக்கு லீவு. நான் வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். அதுவரை பொறுத்திருங்கள்.

உங்கள் ஹனீப்


கும்மிடிப்பூண்டி
3-5-2009

ஹனீப் தம்பிக்கு,

உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. சங்கு என்ற இடத்துக்கு வந்ததும் மிச்சத்தைப் படிக்கவில்லை. பொறுத்திருங்கள் என்று நீ எழுதியதை மறுநாள் ரயிலில்தான் படித்தேன்.

சூலூர்பேட்டையில் மாறி நாயுடுபேட்டை போனேன். அங்கே போர்டில் மேலே தெலுங்கு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழையபடி பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு இறங்கினேன்.

சிஸ்டர் மேரி ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் பக்கம் கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். தம்பி, உன் படம்தான் அங்கே உட்கார்ந்திருந்தது. அகலமான முகம். நிறைந்த கன்னம். கண் இடுங்கி இருந்தது. தோடு இல்லை. இவள் இல்லை என்றேன். வாசல்வரை திரும்பி வந்துவிட்டேன்.

அப்போது அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு. அதை எனக்கு ஞாபகப்படுத்தியவன் நீ. நாற்பத்து நாலு வருஷம் முகத்தைப் பார்த்தவன் வாசலுக்குப் போய்விட்டேன். தலைகுனிந்து கையைப் பார்த்தவன் எழுதியதுதான் என்னைத் திருப்பியது.

உடம்பு தேறவில்லை. நீர் கோத்திருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே வந்த பத்து நாளில் முகமும் காலும் வீங்க ஆரம்பித்ததாம். நாம் இங்கே படத்தைச் சரி செய்துகொண்டிருந்தபோது அவள் அங்கே மாறிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரை என்ன சொல்வது?

கூட்டிப்போவதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மை டப்பாவையும் நீட்டினார்கள். "பேனா குடுங்கம்மா" என்றேன். சடையப்பன் என்று முழுதாக எழுதினேன். உறவு என்று சிஸ்டர் காட்டிய இடத்தில் கணவன் என்று எழுதினேன். சிஸ்டர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்திலும் எனக்கு அந்தத் துள்ளல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரயிலில் அவள் கையை விடவில்லை. ஒரு போர்டையும் நான் படிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வந்ததைப் பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார். இறங்கும்போது, "நீங்க யாருண்ணே, நல்லா இருக்கணும்" என்றாள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். வீட்டில் இருந்துகொண்டே, "ஊட்டுக்குப் போலாம்ணே, அவரு வந்துருவாரு" என்கிறாள். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதினால் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள். நான் பின்பக்கமாகப் போய்ச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வருகிறேன். அந்த ஒரு நிமிஷம் என்னைத் தெரிகிறது. "வந்துட்டீங்களா" என்கிறாள். தண்ணீர் கொதிப்பதற்குள் மறுபடி அண்ணனாகிவிடுகிறேன்.

பழைய ஜாக்கெட் ஒன்றும் அவளுக்குப் பத்தவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாளிடம் தைக்கக் கொடுத்தேன். "அளவு ஜாக்கெட் குடு அண்ணே" என்று கேட்டாள். இருப்பது எல்லாம் பழைய ஆள் அளவு. "அத்த வச்சி தைக்காத, ஆள் மாறிடுச்சி" என்றேன். டேப்பைக் கொடுத்தாள். நானே அளந்தேன். ஜானகி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை போல நின்றாள். நோட்டில் தேதி போட்டு எழுதினேன். ஜா எழுதும்போது எட்டிப் பார்த்து, "இது இன்னாண்ணே" என்றாள். "நீதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரும் அதையே செய்யச் சொல்லியிருக்கிறார். கணுக்காலைச் சுற்றித் தினமும் அளக்கவேண்டும். ஏறினால் தூக்கிக்கொண்டு வரவேண்டும். இறங்கினாலும் ரொம்ப நம்பவேண்டாம் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்து ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். படித்தேன். அதை உனக்கு எழுதப் போவதில்லை.

கம்ப்யூட்டரில் இருந்து அவளை எடுத்துவிடு. படம், பெயர், அளவு எல்லாவற்றையும். ஒன்றைக்கூட விட்டுவைக்காதே. ஒன்பதாம் தேதி கட்டாயம் வா. இந்த முறை தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடு.

இன்று காலை கணுக்கால் பதினொன்றேகால் அங்குலம். நேற்று பதினொன்று. இதை முடித்ததும் டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும். நோட்டில் நேற்றையதை அடித்துவிட்டு இன்றையதை எழுதியிருக்கிறேன்.

சடையப்பன்